படத்தில் ஒன்றுமில்லை

“என் தலையையும் ஒருக்கா ஸ்கேன் பண்ணுங்க மேடம்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று தாராபுரத்தில் பஸ் ஏறும்போதே அம்மா சொல்லியிருந்தாள். பெண்ணுக்குத் தலையில் ஸ்கேன் எடுத்தார்கள் என்று வெளியே தெரிந்தால் எவன் கட்டுவான்? புவனா கேட்டுவிட்டாள். மாவுக்கட்டுப் போட்ட வலது கையை மடியில் கிடத்தியிருந்த குழந்தையம்மாள், இடது கையால் மகளின் தொடையை நறுக்கென்று கிள்ளினாள்.

டாக்டர் சாயிரா பானு திரையிலிருந்து கண்ணை எடுத்தார். திரையில் இருந்தது புவனாவின் அப்பா செங்கோடனின் மூளை. மூளைக்குச் சொந்தக்காரரை வெளியே வராந்தாவில் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

“உங்களுக்கு எதுக்குங்க?”

“போன வாரம் கம்பெனியில ஒரு புள்ளைய அறைஞ்சுபோட்டேன். கை போனதே தெரியல. ‘அப்படியே உங்கப்பன்’னு எங்கம்மா சொல்லிட்டாங்க. அது எனக்குள்ளயும் இருக்குதான்னு தெரியோணும்.”

அம்மாவின் கவலை வேறு. “ஏனுங்க மேடம், அவருக்குக் கட்டி கிட்டி ஒண்ணுமில்லீங்களா? எங்க கல்யாணமான புதுசுல பைக்குல உழுந்தாருங்க. நல்லாப் பாருங்க, ஏதாச்சும் மூலையில இருக்குமுங்க.”

“இல்லம்மா. படத்துல ஒண்ணுமில்ல.”

“சின்னதாச்சும்?”

புருஷன் மூளையில் ஒரு கட்டி வேண்டும் என்று கெஞ்சுகிறாள். கட்டி என்றால் அறுத்தெடுத்துவிடலாம். இத்தனை வருஷம் வாங்கிய அடியெல்லாம் வியாதிக் கணக்கில் போய்விடும். புவனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அடிக்கறவங்க மூளையில கோபத்தக் கிளப்பற இடம், அத அடக்கற முன்பக்கம், ரெண்டும் கொஞ்சம் வேற மாதிரி இருக்குன்னு ஆராய்ச்சியெல்லாம் இருக்குங்க,” என்றார் டாக்டர். “ஆனா அது நிறையப் பேரச் சேர்த்துப் பார்த்து வர்ற சராசரி. ஒருத்தரோட படத்த வெச்சு இவர் அடிப்பாரு, இவர் அடிக்க மாட்டாருன்னு சொல்ல முடியாது. உங்களுக்கு எடுத்தாலும் அதேதான்.”

“எங்கூட்டுல மொத டிகிரி நான்தான் மேடம். படிச்சா எல்லாத்துக்கும் பதில் கெடைக்கும்னாங்க. இத்தாப் பெரிய மெஷினுக்கு இது தெரியாதுங்களா?”

“தெரியாதும்மா.”

வராந்தாவில் சத்தம். யாரோ ஒருவன் அப்பாவின் காலை மிதித்துவிட்டு அவரையே வைதான். “யோவ், நடக்கற வழியிலயா காலை நீட்டுவ?”

“தெரியாம நீட்டிப்போட்டனுங்க. தப்பா நெனைக்காதீங்க. நீங்க போங்க.”

ஒவ்வொரு சொல்லிலும் ஒரு ‘ங்க’. அவருடைய உரக்கடைக்கு வந்து சட்டையைப் பிடித்த ஆளிடமும் இதே ‘ங்க’தான். ஒரு நாளும் தவறியதில்லை. வீட்டுக்குள் கால் வைத்தால்தான் அது உதிரும்.

புவனா தன் கையைப் பார்த்தாள். போன வாரம் பெருந்துறை பனியன் கம்பெனியில், எல்லார் முன்னாலும் மேனேஜர் அவளை “மாட்டுக்கு இருக்கற அறிவாச்சும் இருக்குதா?” என்று கேட்டான். “சாரிங்க சார்” என்றாள். கை அசையவில்லை. பிறகு, புதிதாகச் சேர்ந்த தேஜஸ்ரீ ஒரு பனியனைத் தப்பாக மடித்தபோது அதே கை எழுந்தது. ஆள் பார்த்துத்தான் எழுந்திருக்கிறது.

“எனக்கு ஸ்கேன் வேண்டாமுங்க மேடம்,” என்று எழுந்தாள். “அம்மா, வா. ஸ்டேஷன்ல அந்தக் கையக் காட்டலாம்.”

“அப்பன ஜெயிலுக்கு அனுப்பறதுக்கா உன்னப் படிக்க வெச்சோம்?” குழந்தையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “அவிநாசி ரோட்டுல இன்னொரு ஸ்கேன் சென்டர் இருக்குதாமா கண்ணு. அங்க ஒருக்காப் பாத்துரலாம். அங்க தெரிஞ்சாலும் தெரியும்.”

நாற்காலியைவிட்டு அவள் அசையவில்லை.

அடிபட்டவள் வாய் திறக்காமல் மகள் மட்டும் போய் நின்றால் ஸ்டேஷனில் என்ன சொல்வார்கள் என்று புவனாவுக்குத் தெரியும். கதவைத் திறந்தாள்.

“என்ன சொன்னாங்க அம்மணி?” அப்பா எழுந்து நின்றார்.

“ஒண்ணுமில்லையாம்.”

“நாந்தான் அப்பவே சொன்னேனே.” அவர் முகம் தெளிந்துவிட்டது. “அம்மா எங்க?”

புவனா நிற்கவில்லை. படியிறங்கி, வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் கேட்டாள்:

“ஏனுங்ண்ணா, மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போகோணுங்க?”

அவர் கை காட்டிய பக்கம் தனியாக நடந்தாள்.