ஆட்டோவும் அப்பலநாயுடுவின் பெயரும்

தவறு என்னுடையது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆட்டோ ஓட்டும் பைடிதல்லி அக்காவின் வண்டி கஞ்சா வழக்கில் பிடிபட்டிருந்தது. அதை விடுவிக்கக் கேட்டு நான் தட்டச்சு செய்த மனுவை விசாகப்பட்டினம் நீதிமன்றம் திருப்பிவிட்டது. உரிமையாளர் என்று அக்காவின் பெயரைப் போட்டிருந்தேன். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயர் அப்பலநாயுடு, அக்காவுக்கு வண்டியை விற்றவர். வண்டியின் முதுகில் அக்காவின் மகள் பெயர் பெரிதாக எழுதியிருந்த புகைப்படத்தைப் பார்த்து நம்பிவிட்டேன். நான் பகலில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, மாலையில் சட்டக் கல்லூரி மாணவி. காகிதத்தைப் பார்க்காமல் எழுதாதே என்று இரண்டு இடத்திலும் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் பழைய ஆட்டோ வாங்குகிறவர்கள் பெயர் மாற்றுவதில்லை. விற்றவர் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவத்தை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். அக்காவும் அப்படித்தான் செய்தார். அவர் காய்ச்சலில் கிடந்தபோது வண்டியை ஓட்டிய நூக்கராஜு, மலையிலிருந்து மூன்று மூட்டை ஏற்றிவந்து மாட்டிக்கொண்டான். வண்டியோடு படிவமும் போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டது.

மனு திரும்பிய பிறகு, வண்டி பிடிபட்டு நான்கு மாதம் கழித்து, நிலையத்துக்குப் போய்ப் பார்த்தோம். சக்கரங்கள் சேற்றில் புதைந்திருந்தன. ஹேண்டில் வரை கொடி ஏறியிருந்தது. அக்கா அதைப் பிடுங்கப் போனார். கேஸ் சொத்தைத் தொடாதே என்றார் காவலர்.

"கொடியுமா சார் கேஸ் சொத்து?"

மறுநாளே அனகாபல்லி வெல்ல மண்டிக்குப் போனோம். அப்பலநாயுடு அங்கே எடை போடுகிறவர். நீதிமன்றத்துக்கு வந்து வண்டியைக் கேட்கச் சொன்னோம். முடியாது என்றார். கஞ்சா என்று பேர் அடிபட்டால் மகள் கல்யாணம் நின்றுபோகும் என்றார். அக்கா அங்கிருந்த காலிப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டிய வித்துட்டீங்க, பேரை மட்டும் வச்சிக்கிட்டீங்களே நாயுடுகாரு. நான் போகமாட்டேன்."

மதியம் வரை போகவில்லை. நான் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னேன். புத்தகத்தில் அவர் பெயர் இருக்கும்வரை நீதிமன்றம் அவரைத்தான் தேடும். தானே வந்து, விற்றதை மறைக்காமல் சொல்லிவிட்டால் அவருக்கும் நல்லது. சரியாகச் சொன்னேனா என்று இன்னும் தெரியவில்லை. அவர் தராசைத் துடைத்துக்கொண்டே எந்தத் தேதி என்று கேட்டார்.

விற்ற விவரத்தையும் சேர்த்து, அவர் பெயரில் புது மனு எழுதினேன். உத்தரவு கிடைத்தது. பதிவான உரிமையாளர் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்து வண்டியை எடுக்கலாம். கூப்பிட்டபோது கொண்டுவர வேண்டும். வழக்கு முடியும்வரை விற்கவோ பெயர் மாற்றவோ கூடாது. நாயுடு வண்டியோடு போய்விட்டால், அது உங்களுடையது என்று காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

"தெரியுது தங்கச்சி. முதல்ல வண்டி வெளிய வரட்டும்."

நிலையத்தில் சாவியை நாயுடுவின் கையில் கொடுத்தார்கள். மூன்று பேரும் தள்ளிச் சேற்றிலிருந்து வெளியே எடுத்தோம். அக்கா சீட்டைத் தூக்கினார். படிவத்தில் கையெழுத்து இருந்த பாதியை எலி தின்றிருந்தது. நாயுடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை அக்காவிடம் நீட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கேஸ் முடியட்டும், புதுசா கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இப்ப என்னை மண்டில விடு."

உத்தரவில் இருந்த சேசிஸ் எண்ணை வண்டியோடு மூன்றாம் முறையாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏறு தங்கச்சி," என்றார் அக்கா. "அந்த நம்பர் மாறாது."