இரண்டாம் முகவரியும் இருபது மூட்டையும்

இடுப்பை யாரோ கடப்பாரை போட்டு நெம்புவதுபோல் இருந்தது. உட்கார்ந்தால் ஒரு வலி, எழுந்தால் வேறொரு வலி. நேற்று மாலை ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் தாய்ப்பெட்டியான பழைய சர்வரைத் தனி ஆளாக மாடியிலிருந்து இறக்கிய வீம்பின் பலன். "விடு மாப்ளே, பசங்க தூக்கட்டும்" என்று மேஸ்திரி சொல்லத்தான் செய்தார். மூட்டை தூக்குகிற பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முப்பது கிலோவுக்கு ஆள் கூப்பிட முடியுமா?

குடோனில் அவனுக்கு ஒயர் என்று பெயர். கம்ப்யூட்டர் சமாச்சாரம் முழுக்க அவன் தலையில்தான். மூட்டைக்காரர்களின் மேஸ்திரி அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். அதனால் அவன் செய்கிற தப்பு எதுவும் குடோனோடு நிற்காது. அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

நேற்று அந்த வீம்பிலேயே வாயையும் விட்டிருந்தான்: "நாளைக்கு ஒரு லாரிகூட எடை போடக் காத்து நிக்காது மச்சான். நின்னா இருபது மூட்டை நான் தூக்குறேன்."

இப்போது மணி ஒன்பது. வாசலில் ஆறு லாரி நின்றது. ஆறின் எடையும் பதிவானால்தான் சரக்கில் கை வைக்கலாம். கை வைத்தால்தான் பதினெட்டுப் பேருக்கும் அன்றைய கூலி. பத்து மணிவரை பார்ப்போம், அப்புறம் வேறு குடோனுக்குப் போய்விடுவோம் என்று டிரைவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சிக்கல் இதுதான். புதிய சர்வருக்குப் புதிய ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் கதவு எண். எடையைச் சர்வருக்கு அனுப்பும் எடைமேடைப் பெட்டிக்கோ பழைய சர்வரின் முகவரி மட்டுமே தெரியும். பெட்டிக்குள் போய் மாற்றலாம் என்றால் அதன்மேல் எடை அதிகாரி வைத்த ஈய முத்திரை. அதை உடைத்தால், அவர் வந்து மறுபடி வைக்கிறவரை மேடை மூடிக்கிடக்கும். ஆகவே பழைய முகவரியைப் புதிய சர்வருக்கே இரண்டாவது முகவரியாகக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தான். எந்த வாசலில் தட்டினாலும் ஒரே ஆள் வந்து திறப்பான்.

முகவரியை அடித்தான். அதன் கீழே சப்நெட் மாஸ்க், 255.255.255.0. தன் தெரு எதுவரை, வெளியூர் எங்கே ஆரம்பிக்கிறது என்று சர்வருக்குச் சொல்லும் எண் அது. என்டரைத் தட்டினான்.

"தம்பி, வந்துருச்சு!" கீழே எடைமேடை அக்கா கத்தினாள். முதல் லாரி ஏறி இறங்கியது. ஒயர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"தம்பி, போயிருச்சு!"

இரண்டாவது லாரியின் எடை மேடையில் தெரிந்தது, கம்ப்யூட்டருக்கு வரவில்லை. மூன்றாவது வந்தது. நான்காவதைக் காணோம்.

மேஸ்திரி மாடியேறி வந்தார். "என்ன மாப்ளே, ஒண்ணு விட்டு ஒண்ணு முழுங்குதே உன் மிஷினு?"

"மாஸ்க்ல ஏதோ கோளாறு மச்சான்."

"அதுவா வந்த கோளாறா, நீயா போட்ட கோளாறா?"

ஒயர் மாஸ்கை 255.255.0.0 என்று மாற்றினான். தெருவைப் பெரிதாக்கினால் எல்லாம் உள்ளே அடங்கிவிடும் என்று ஒரு நப்பாசை. அடங்கத்தான் செய்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த தலைமை அலுவலகத்தையும் பக்கத்து வீடு என்று சர்வர் நம்பிவிட்டது. வெளியே அனுப்ப வேண்டியதையெல்லாம் குடோனுக்குள்ளேயே நின்று கூவியது. தலைமை அலுவலகத்திலிருந்து போன் போட்டுக் கிழித்தார்கள். அடித்துப்பிடித்துப் பழைய எண்ணுக்கே திரும்பினான். மணி ஒன்பதே முக்கால்.

"வீட்ல மிக்சி நின்னப்பவும் இப்படித்தான் முழிச்சியாமே, தங்கச்சி சொன்னா. கடைசியில பார்த்தா பிளக்கே போடலையாம்."

வந்த கடுப்பில் ஒயர் புதிய சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் போட்டான். பிடுங்கிவிட்டு, தன் லேப்டாப்பிலிருந்து அந்தப் பழைய முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் வரக்கூடாது. வந்தது. நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக, நான்கு பதில்.

லேப்டாப்பை மேஸ்திரி பக்கம் திருப்பினான். "மச்சான், அந்த முகவரியில வேற எவனோ குடியிருக்கான்."

கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியில், நேற்றுவரை அணைந்து கிடந்த ஒரு பச்சை விளக்கு மினுக்கியது. அதன்மேல் அவனே எழுதி ஒட்டிய சீட்டு: தொழிலாளர் ஓய்வறை. இடுப்பை மறந்து படியில் பாய்ந்தான். நாலாவது படியில் இடுப்பு ஞாபகப்படுத்தியது.

ஓய்வறை மூலையில், நேற்று அவன் இறக்கி வைத்த பழைய சர்வர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் முதுகுப்பக்கம் கொடி கட்டி, காலை மழையில் நனைந்த பதினெட்டுச் சட்டைகள். சூடான காற்றில் அவை கையை ஆட்டி அவனை வரவேற்றன.

"யாரு இதுக்கு உயிர் குடுத்தது?"

பின்னாலேயே வந்த மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "நான்தான். ஈரச் சட்டையோட மூட்டை ஏத்துனா பசங்களுக்குத் தோள் உரியும். இது சும்மாதானே கெடந்துச்சு. நல்லா அனலா காத்து அடிக்குது."

"கரண்டு குடுத்தீங்க, சரி. நெட்வொர்க் கேபிளை எதுக்கு சொருகுனீங்க?"

"பின்னாடி ஓட்டை இருந்துச்சு, செவுத்துல கேபிள் தொங்குச்சு. எதையும் தொங்கவிடாதீங்கன்னு நீதானே எழுதி ஒட்டியிருக்க?"

எழுதி ஒட்டியது உண்மைதான். பழைய சர்வரோ, இன்னும் தான்தான் வேலையில் இருப்பதாக நினைத்து, அதே முகவரிக்கு வருகிற எடையில் பாதியை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. ஒயர் அதன் நெட்வொர்க் கேபிளை உருவினான். கரண்டையும் பிடுங்கப் போன கை, இன்னும் முழுசாகக் காயாத சட்டைகளைப் பார்த்து நின்றுவிட்டது. மாடியேறிப் புதிய சர்வரின் கேபிளைச் சொருகியதும் எடைகள் ஒழுங்காக வந்து விழுந்தன. தொலைந்த இரண்டையும் அக்கா சீட்டில் குறித்து வைத்திருந்தாள். பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது முதல் லாரியின் தார்ப்பாயை அவிழ்த்தார்கள்.

"ஆறு லாரி நின்னுச்சு மாப்ளே" என்றார் மேஸ்திரி.

"நிக்க வச்சதே நீங்கதானே மச்சான்!"

"யாரு நிக்க வச்சாங்கன்னு பேச்சு இல்லையே. நின்னா தூக்குறேன்னுதானே சொன்ன?"

பதினெட்டுப் பேரும், காய்ந்து கதகதப்பான சட்டையில், மரியாதையாக வழிவிட்டார்கள். ஒருத்தர் தன் துண்டை மடித்து அவன் தோளில் வைத்தார். முதல் மூட்டை போனது. இரண்டாவது முனகலோடு போனது. மூன்றாவதை இறக்கியபின் அவனால் நிமிர முடியவில்லை. குனிந்தவாக்கிலேயே, தரையில் எதையோ தொலைத்தவன் மாதிரி நின்றான்.

இரண்டு பேர் அவனை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஓய்வறையில், பழைய சர்வரின் பின்னால் கிடத்தினார்கள். அனல் காற்று இடுப்பில் பட்டது. இதமாகத்தான் இருந்தது.

மேஸ்திரி ஒரு சாக்பீஸைத் தேடி எடுத்து, அவன் தலைக்கு மேலே சுவரில் எழுதினார்: ஒயர், பாக்கி பதினேழு மூட்டை.