கொத்தனார் பார்த்த வானம்

இத்தாலியில் எட்டு வருடமாகச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறேன். மோதெனாவில் ஆட்களை ஏற்றி, லூக்கா, சியேனா, ஓர்வியெத்தோ என்று பழைய ஊர்களில் கொண்டுபோய் இறக்குவேன். அவர்கள் கோபுரம் ஏறி இறங்குவதற்குள் நான் ஒரு காப்பி குடித்து, வண்டிக் கண்ணாடியைத் துடைத்து, ஒரு தூக்கமும் போட்டுவிடுவேன். எந்தக் கட்டடத்துக்குள்ளும் போனதில்லை.

போன அக்டோபரில் ராவென்னாவுக்குப் போனோம். முன் இருக்கையில் எர்மெஸ் என்ற ஓய்வுபெற்ற கொத்தனாரும் அவர் மனைவி நோர்மாவும். நோர்மாதான் அவரை இழுத்து வந்திருந்தாள். வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. பாலத்தைக் கண்டால் பாலத்தில் குறை, மதிலைக் கண்டால் மதிலில் குறை.

"நாப்பத்திரண்டு வருஷம் செங்கல் அடுக்கினேன். இப்ப செங்கல்லைப் பாக்க டிக்கெட் எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"விடும்மா நீவெஸ்" என்றாள் நோர்மா என்னிடம். "போப்பாண்டவர் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் இவரு சுவத்துல தூக்குக்குண்டு போட்டுத்தான் பாப்பாரு."

மூன்று மணிக்குத் திரும்பச் சொல்லியிருந்தேன். எல்லாரும் வந்துவிட்டார்கள், எர்மெஸைத் தவிர. நோர்மா மூச்சிரைக்க வந்தாள்.

"அந்தக் கல்லா பிளாச்சிதியாங்கிற பழைய ராணியோட கல்லறை மண்டபத்துல நிக்கிறாரு. ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷந்தான் விடுறாங்க. இவரு மூணாவது தடவையா வரிசைல நின்னு உள்ள போயிருக்காரு. நான் கூப்பிட்டா காதுலயே வாங்கல. நீ போய் வண்டி கிளம்புதுன்னு சொல்லு."

எரிச்சலோடு போனேன். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு மாட்டுத்தொழுவம்போலத்தான் இருந்தது. பழைய செங்கல், தாழ்ந்த கூரை. ஆளைக் கூப்பிட வந்தேன் என்று வாசலில் சொல்லிவிட்டு, குனிந்து உள்ளே நுழைந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய கற்பலகைகள். அவற்றின் வழியே தேன் நிறத்தில் வெளிச்சம் கசிந்தது. கண் பழகியதும் தலைக்கு மேலே ஆழ்ந்த நீலம் தெரிந்தது. அதில் வட்டம் வட்டமாகப் பொன் நட்சத்திரங்கள், நூற்றுக்கணக்கில், உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.

திட்டத்தான் வந்திருந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

எர்மெஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றார்.

"பெரியவரே, வண்டி..."

"கிட்ட வாம்மா. அந்த நட்சத்திரமெல்லாம் பதிச்சிருக்கிற கண்ணாடித் துண்டுகளைப் பாரு. ஒண்ணாவது மட்டமா இருக்கா?"

இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது.

"என்கிட்ட எவனாவது இப்படிப் பதிச்சிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இதைச் செஞ்சவன் வேணும்னே பதிச்சிருக்கான். ஒரு அடி நகந்து பாரு."

நகர்ந்தேன். எரிந்துகொண்டிருந்த நட்சத்திரங்கள் அணைந்தன, வேறு சில பற்றிக்கொண்டன. இன்னும் ஓர் அடி வைத்தேன். வானம் என்னோடு சேர்ந்து அசைந்தது.

"ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால" என்றார் எர்மெஸ். "கழுத்து வலிக்க சாரத்துல நின்னு, ஒவ்வொரு துண்டா விரலால அழுத்திச் சாய்ச்சிருக்கான். அவன் பேரு கூட யாருக்கும் தெரியாது."

வாசலில் நின்ற காவல்காரப் பெண் நேரமாகிவிட்டது என்று மெல்லச் சொன்னாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு அவளும் மேலே பார்த்தாள். இரண்டாவது முறை அவள் சொல்லவில்லை.

பேருந்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாக வந்தோம். "உள்ள படுத்துத் தூங்கிட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் குத்தலாகக் கேட்டார். எர்மெஸ் தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். திரும்பும் வழியில் எந்தப் பாலத்தையும் அவர் குறை சொல்லவில்லை. அவர் கண்ணயர்ந்ததும் நோர்மா என் பக்கம் குனிந்தாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னொருத்தன் வேலையைப் பாத்துட்டு இவரு குறை சொல்லாம வந்து நான் பாத்ததே இல்லம்மா."

மோதெனாவில் இறங்கும்போது அவர் படியில் நின்று திரும்பினார்.

"அடுத்த வாரம் எங்க போற?"

"பெர்ராரா."

"எங்க ரெண்டு பேருக்கும் இடம் போட்டு வை. ஆனா நீ வண்டியிலயே உக்காந்திருக்கக் கூடாது, உள்ள வரணும்."

வருகிறேன் என்றேன்.