வெர்னேயின் இடது கை

திலக் நகரில் வீட்டிலேயே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஜாக்குலினுக்கு, வேல்ராஜ் அந்தப் பழைய புத்தகத்தோடு வந்த அன்றே ஆள்மீது நம்பிக்கை வரவில்லை. தாராவிக்காரர், நாற்பது வயது. மாட்டுங்காவில் ஒரு ஜிம்கானா கிளப்பில் மார்க்கர்; உறுப்பினர்களுக்கு ஜோடி கிடைக்காதபோது எதிரே நின்று டென்னிஸ் ஆடும் வேலை. புத்தகம், நூறு வருடத்துக்கு முன் பிரான்சில் சாம்பியனாக இருந்த எலோயீஸ் வெர்னேயின் வாழ்க்கை. நூலக முத்திரை இருக்க வேண்டிய முதல் பக்கம் கிழிந்திருந்தது.

“யாருக்கு இது?”

“கிளப்புல ஒரு மெம்பர் சாப் கேட்டாவ டீச்சர். நீங்க தமிழ்ல சொன்னா போதும், நான் போய்ச் சொல்லிருவேன்.”

ஞாயிறுதோறும் வந்தார். பதினேழு வயதில் வெர்னே முதல் கோப்பை வாங்கியதையும், 1910 முதல் போர் மூளும்வரை நான்கு வருடம் பட்டத்தை விடாமல் வைத்திருந்ததையும் ஜாக்குலின் வாசித்தாள். அவர் காது கொடுக்கவில்லை. “சண்டைக்குப் பெறகு என்னாச்சு?” என்பதையே கேட்டுக்கொண்டிருந்தார். எந்த சாப் என்றால் வாரத்துக்கு ஒரு பேர் சொன்னார்.

கிளப்பில் திருடிய புத்தகம், விற்கப் பார்க்கிறார் என்று முடிவுகட்டி, அவர் தன்னிடம் விட்டுப்போயிருந்த அதைப் புதன்கிழமை காலை பையில் போட்டுக்கொண்டு கிளப்புக்கே போனாள்.

செயலாளர் நம்பிராஜன் புத்தகத்தைப் புரட்டினார். “எங்க லைப்ரரி புக்குதான், இதெல்லாம் பழைய பேப்பரோட ரத்தியில போட்டாச்சும்மா. வேல்ராஜா கொண்டுவந்தான்? ரெண்டு மாசமா அவன் நடவடிக்கையே சரியில்ல. மெம்பர்ஸ் கூப்பிட்டா ஏதாவது சாக்கு சொல்றான். வாங்க, கேட்டுடலாம்.”

பின்பக்கத்துச் சுவரில் வேல்ராஜ் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருந்தார். இடது கையால். வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. பத்தில் நான்கு பந்து எங்கேயோ போனது. நம்பிராஜன் அந்த வலது கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“செக்ரட்டரிய நீங்கதான் கூட்டிட்டு வந்தியளா?”

ஜாக்குலின் தலையசைத்தாள்.

“ஸ்கூட்டர்லருந்து விழுந்து தோள்பட்டை போச்சு. தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவாவ. ரத்தி மூட்டையில இந்தப் பொஸ்தகம் கெடந்துச்சு. முன்னால இருக்க போட்டோல அந்தம்மா வலது கையில ராக்கெட் வச்சிருக்காவ, பின்னால இடது கையில. எப்படி மாத்துனாவன்னு தெரியணும், அவ்வளவுதான்.”

அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைத் தேடினாள். போரில் வெர்னே ஆம்புலன்ஸ் ஓட்டியிருக்கிறாள். வண்டி கவிழ்ந்ததில் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. இருபத்திரண்டு மாதம் ஒரு கொட்டகைச் சுவரில் இடது கையால் அடித்துப் பழகி, 1919-இல் மறுபடி களமிறங்கினாள்.

“ஜெயிச்சாவளா?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஜாக்குலினுக்கு ஒரு கணம் தோன்றியது.

“ரெண்டாவது சுத்துலயே தோத்துட்டாங்க. அப்புறம் பட்டம் எதுவும் கிடைக்கல. ஆனா ஒன்பது வருஷம் ஆடியிருக்காங்க.”

“நெசமாவா, எனக்காகச் சொல்லுதியளா?”

“புத்தகத்துல இருக்கறதுதான்.”

அடுத்த வாரம் அவரை உறுப்பினர்களோடு ஆடுவதிலிருந்து எடுத்துவிட்டுக் குழந்தைகள் பயிற்சிக்கு மாற்றினார்கள். அவர்களுக்குப் பந்து போட இடது கை போதும். வேலை போகவில்லை. ஜாக்குலின் மன்னிப்புக் கேட்டாள். “பரவாயில்ல டீச்சர்” என்றார்.

ஞாயிறுதோறும் வருவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் அவள் வாசிக்கத் தொடங்குமுன் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு மேசையில் வைக்கிறார். கிளப்பில் பிரெஞ்சு படிக்கும் ஒரு பெண்ணிடம் புத்தகத்தைக் கொடுத்துச் சரிபார்க்கிறார் என்று கேள்வி. ஜாக்குலின் போனுக்குக் கேட்கிற மாதிரி சற்று உரக்க வாசிக்கிறாள்.