தோமாஸின் சுட்டுவிரல்

ஜெபல் அலி கோடவுனில் அந்தப் பெட்டியைக் கைநழுவ விட்டது ராக்கப்பன்தான். உள்ளே புட்டிகள் நொறுங்கி, ஏதோ தரையில் வழிந்தது. சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் வேலை போச்சு. கூட லோடு இறக்கிய தோமாஸ் சட்டென்று மண்டியிட்டு, வெறுங்கையாலேயே எல்லாவற்றையும் துடைத்து மறைத்துவிட்டான். மெரானா தீவுக்காரன்; நாலு வருடம் ஒரே ரூமில் கிடந்ததில் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெயிலுக்கு வந்ததும் அவன் கை கன்னங்கரேலென்று ஆனது.

"டேய், இது எங்கூர்ல ஓட்டுப் போட்டா வைக்கிற மைடா! பத்துக் கள்ள ஓட்டுப் போட்டவனாட்டம் நிக்கிற!" ராக்கப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

தோமாஸ் சிரிக்கவில்லை. "அண்ணே, வெள்ளிக்கிழமை எனக்கு ஓட்டு."

தீவு தனி நாடாகலாமா என்று கேட்கும் ஓட்டு. அந்த மையே அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. துபாயில் இருக்கிறவர்களுக்கு சத்வாவில் ஒரு வில்லாவில் பூத். இந்த ஓட்டைக் கேட்டு ஜெயிலுக்குப் போன தோமாஸின் அப்பா, ஜெயிலிலேயே செத்தார்.

மை வேலையில் கொட்டியதுதான் என்று சூப்பர்வைசரிடம் ஒரு லெட்டர் வாங்கியிருக்கலாம். வாங்கினால் உடைத்தது யார் என்று வரும். அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

"விடுறா, நான் எடுத்துத் தாரேன்" என்றான் ராக்கப்பன். எலுமிச்சை தேய்த்தான், பிளீச் ஊற்றினான், கடைசியில் கக்கூஸ் கழுவும் ஆசிட். கை வெளுத்தது. இடது சுட்டுவிரல் நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவேயில்லை. சுற்றிலும் தோல் உரிந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை பூத் அதிகாரி அந்த விரலைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டார். அபுதாபியில் முந்தின நாளே ஓட்டு முடிந்திருந்தது; அங்கே போட்டுவிட்டு வந்தவன் என்று நினைத்தார். நீலச் சட்டை போட்ட வெளிநாட்டுப் பார்வையாளர் அம்மாள் அருகே வந்து, விரலில் மை எப்படி வந்தது என்று தோமாஸிடம் தணிவாகக் கேட்டாள்.

ராக்கப்பன் உள்ளே பாய்ந்தான். "மேடம்! பாட்டில் புரோக்கன்! ஐ டூ! ஹி நோ வோட்!"

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நோட்டில் எழுதினாள்.

"என்னடா சொல்லுது?"

"மை கொட்டியிருந்தா கை முழுக்க இருக்கணுமாம்ணே. ஒரு விரல்ல மட்டும் எப்படி, அதையும் ஏன் சொரண்டினேன்னு கேக்குறாங்க."

ராக்கப்பன் அவள் நோட்டை எட்டிப் பார்த்தான்.

"இப்ப என்ன எழுதுது?"

"மைய அழிச்சிட்டு ரெண்டாவது ஓட்டுப் போட வந்தவனத் தடுத்துட்டாங்களாம். தேர்தல் ஒழுங்கா நடக்குதாம்."

வாசலில் ஓட்டுப் போட்டு வந்த தீவுக்காரர்கள் விரலைத் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். தோமாஸின் விரலிலும் கறுப்பைக் கண்டு ஒரு கிழவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அழுதபடியே அந்த விரலுக்கு முத்தம் கொடுத்தார். யாரோ கேமராவை நீட்டினார்கள்.

தோமாஸ் விரலைத் தூக்கிக் காட்டினான்.

ராக்கப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தான்.