காந்தம் பட்ட கல்

காலை பத்து மணிக்கு அந்தக் கடிதத்தை அனுப்பினேன். அதிலிருந்து காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரி அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். நுண்ணோக்கியை மூன்று தடவை துடைத்தேன். உட்கார முடியவில்லை.

கடிதம் விண்கல் குழுவுக்கு. 'கல்லைக் கண்டெடுத்தவர் அதில் காந்தம் வைத்துப் பார்த்திருக்கிறார். இனிக் கல் தேடும் பணியில் அவரைச் சேர்க்க வேண்டாம்.' கீழே என் கையெழுத்து. கண்டெடுத்தவர் வேறு யாருமில்லை, என் கூடப் பிறந்த தம்பி. அடுத்த மாதம் பனிப்பாலைவனத்துக்குக் கிளம்பும் குழுவில் அவனுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. பதினோரு வருடமாக அதற்காகக் காத்திருந்தவன்.

எனக்குக் கோபம் மூக்குமேல் வரும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தடவை நியாயம் என் பக்கம் என்றுதான் நினைத்தேன்.

கல்லுக்குப் பூர்வீகம் விசாரிப்பது என் வேலை. வானத்திலிருந்து விழுந்ததை மெல்லிய சீவலாக அறுத்து, என்னென்ன கனிமம், எந்த விகிதத்தில் ஆக்சிஜன் என்று அளந்து, இது இன்ன குடும்பம் என்று எழுதுவேன். தம்பி கொண்டுவந்தது எலுமிச்சம்பழ அளவு. கறுப்புத் தோல், உள்ளே எரிமலைப் பாறை மாதிரி. ஆக்சிஜனை அளந்தால் தெரிந்த எந்தக் குடும்பத்தோடும் ஒட்டவில்லை. இருபது வருடத்தில் இப்படி ஒன்று என் கைக்கு வந்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாக்கி ஒரே கேள்வி. இது பிறந்த குட்டிக் கோளின் வயிற்றில் உருகிய இரும்பு சுழன்றதா? சுழன்றிருந்தால் கல்லுக்குள் மெல்லிய காந்த ஞாபகம் ஒன்று இருக்கும். நூற்றுக்கணக்கான கோடி வருட ஞாபகம். கடையில் வாங்கிய காந்தம் ஒரு நொடி பட்டால் போதும், அழிந்துவிடும். திரும்ப வராது.

போன வாரம், பக்கத்துக் கட்டிடத்தில் காந்தம் அளப்பவள் உதட்டைப் பிதுக்கினாள். "போச்சுங்க. யாரோ காந்தம் வெச்சுட்டாங்க."

யாரோ என்ன யாரோ! தொழிலுக்கு வந்த புதிதில் தம்பி ஒரு கல்லை இப்படிக் கெடுத்தவன். அன்றைக்கே அவன் வீட்டு வாசலில் நின்று கத்தினேன்.

"நான் வெக்கலக்கா," என்றான்.

"அப்ப கல்லு தானா போய் ஒட்டிக்கிச்சா?"

என் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டான். கல் தேடித் தேடிக் குனிந்த தலை நிமிராதவன், எங்கள் வீட்டுக் கல்யாணப் பெண் என்று அவனைக் கேலி செய்வோம். அன்றும் தலை குனிந்துதான் நின்றான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடிதம் போன மதியம், காந்தம் அளப்பவள் ஒரு படம் அனுப்பினாள். கல்லில் காந்தம் பட்ட இடங்களின் வரைபடம். தட்டையான பக்கத்தில் ஒரே வரிசையாக மூன்று வட்டப் புள்ளிகள், சம இடைவெளியில்.

தம்பி கல் தேடக் கொண்டுபோகும் கைத்தடியின் முனையில் இருப்பது ஒற்றைக் காந்தம். மூன்றுக்கு அவன் எங்கே போவான்? மறுபடி நடந்தேன். மேஜையில் இடித்து, காகித கிளிப் டப்பா கவிழ்ந்தது. குனிந்து அள்ளிவிட்டு நிமிர்ந்தால், இரண்டு கிளிப் என் கோட்டின் மார்பில் தொங்கின.

பெயர் அட்டை! ஊக்கு குத்திக் கோட்டு கிழிகிறது என்று இரண்டு மாதம் முன்பு அலுவலகத்தில் மாற்றிக் கொடுத்தது. அட்டை மேல்பைக்கு வெளியே, அதைப் பிடிக்கும் பட்டை பைக்குள்ளே. பட்டையில் மூன்று குட்டிக் காந்தம். தம்பி கல்லைத் தந்த அன்று, சந்தோஷம் தாங்காமல் அந்தப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் மாடி மாடியாக எல்லோருக்கும் காட்டப் போனேன்.

அளவுகோலை வைத்துப் பார்த்தேன். புள்ளிக்குப் புள்ளி சரியாக இருந்தது. அடிப்பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தேன்.

"டேய், அந்தக் காந்தம் என்னோடதுடா."

"தெரியும்க்கா. நீ பையில போடும்போதே பார்த்தேன். வாயெடுக்கறதுக்குள்ள உள்ள போயிடுச்சு."

"ஏன்டா சொல்லல? வாய்க்கு வந்தபடி திட்டினேனே!"

"எனக்கென்ன, குனிஞ்சா இன்னொரு கல்லு. உனக்கு அந்த ரூமை விட்டா வேற என்ன இருக்கு?"

அழுகை வந்துவிட்டது. எப்படியோ சொன்னேன். "உன்னைச் சேர்க்க வேண்டாம்னு குழுவுக்கு எழுதிட்டேன்டா. காலையிலயே."



"நீயா எழுதின?" என்று மட்டும் கேட்டான்.

அரை மணியில் இரண்டாவது கடிதம் எழுதினேன். காந்தம் என்னுடையது, கல்லைக் கெடுத்தது நான், தம்பி ஒரு தப்பும் செய்யவில்லை. பட்டையையும் படத்தையும் கூட வைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பியைப் பனிப்பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் புதுக் கல் எதையும் நான் தொடக்கூடாது என்றார்கள். கல்லின் பதிவேட்டிலும் நானே எழுதினேன்: 'குடும்பம் தெரியவில்லை. காந்த ஞாபகம் வகைப்படுத்தியவரால் அழிந்தது.'

ஏழாம் மாதம் தம்பி வந்தான். முகமெல்லாம் பனி சுட்ட கறுப்பு. கையில் பொட்டலம். வாசலிலேயே நின்றான்.

"முதல்ல கோட்டைக் கழட்டுக்கா."

சிரித்துக்கொண்டே கழற்றி வெளியே மாட்டிவிட்டு வந்து, இரண்டு கையையும் நீட்டினேன். அவனும் சிரித்தான். ஆனால் கல்லை என் கையில் தரவில்லை. மேஜைமேல் வைத்தான்.