பழனாத்தாளின் வாய்க்கட்டு

மைசூர் அக்ரஹாரத்தில் மிதுனா என்கிற கைக்குழந்தை விழுங்கியதெல்லாம் கோபிநத்தத்தில் அவளுடைய அத்தை பழனாத்தாளின் வாயிலிருந்து வெளியே வந்தது. முதலில் ஒரு சட்டைப் பொத்தான். பிறகு புளியங்கொட்டை, சாவிக்கொத்தில் தொங்கிய பிளாஸ்டிக் யானையின் தும்பிக்கை, அப்புறம் ஊதுபத்தித் துண்டுகள். குழந்தையின் அம்மா ஸ்ரீதேவி ஊதுபத்திக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். எத்தனை தடவை பெருக்கினாலும் வீட்டில் நாலு குச்சி கிடக்கும். பழனாத்தாள் பேசினால் சந்தன வாசம் அடிக்கவே, சாமி வந்திருக்கிறது என்று நினைத்து ஊரில் ஒன்றிரண்டு பேர் குறி கேட்கப் போனார்கள். அவள் புளியங்கொட்டையைத் துப்பிக் காட்டியதும் திரும்பிவிட்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். குழந்தை பிறந்ததும் சேனைத் தண்ணீர் வைக்க பஸ் ஏறி வந்தவள் பழனாத்தாள்தான். முதல் சர்க்கரைத் தண்ணீரை யார் நாக்கில் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. தம்பி உதயகுமார் தன் மகளுக்கு அக்காவின் குணம்தான் வேண்டும் என்றான். அவள் இனிப்பு போதுமா என்று விரலைத் தன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, துடைக்காமல் அதே விரலைக் குழந்தைக்கு வைத்துவிட்டாள். அன்று திறந்த வழி மூடவில்லை. பாலும் ராகிக் கூழும் குழந்தையிடமே தங்கின. தின்னக் கூடாதது மட்டும் மாதேஸ்வரன் மலைக்காட்டைத் தாண்டிப் போனது, அதுவும் பழனாத்தாள் வாயைத் திறந்தால்தான். அவள் தூங்கிவிட்டால், காலையில் கொட்டாவி விடும்வரை அது குழந்தைக்குள்ளேயே காத்திருக்கும்.

ஆரம்பத்தில் ஸ்ரீதேவி குழந்தையின் பின்னாலேயே தவழ்ந்து, வாய்க்குள் விரல் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். போகப் போக போன் செய்தால் போதும் என்று ஆகிவிட்டது. அண்ணி, ஹேர்பின் வருது, பாத்து, என்பாள். பழனாத்தாளும் பதிலுக்கு விடமாட்டாள்.

“ஏம்புள்ள, மகளுக்குச் சோறே போடறதில்லயா? நேத்துச் செருப்பு வாரு வந்துச்சு.”

பங்குனியில் ஊர் மாரியம்மனுக்குப் பண்டிகை வந்தது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பழனாத்தாளுக்குக் குழந்தை இல்லை. அதற்காக வாய்க்கட்டு வேண்டியிருந்தாள். விடிந்ததும் வாயில் மஞ்சள் துணி கட்டினால், பொழுது சாய்ந்து நெருப்புக் குண்டத்தில் இறங்கும்வரை அவிழ்க்கக் கூடாது. நடுவில் அவிழ்த்தால் வேண்டுதல் முறிந்தது. அதையே மறுபடி வேண்டிக்கொள்ளவும் முடியாது. முந்தின நாள் தம்பியைக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு நாள் பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவர்களும் வீட்டைக் கூட்டித் துடைத்தார்கள். பொத்தான், ஊசி, சில்லறை, சாவி என்று சின்னதாக இருந்ததெல்லாம் அலமாரி உச்சிக்கு ஏறியது. வெறும் வீட்டில் குழந்தை அழாமல் இருக்க, பாட்டுப் பாடும் புது பொம்மை ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தார்கள். சாயங்காலம் பொம்மை பாடுவதை நிறுத்தியது. திருப்பிப் பார்த்தால் அடியில் மூடி இல்லை, பட்டன் பேட்டரியும் இல்லை.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில் குழந்தையின் உணவுக்குழாயில் வெள்ளையாக ஒரு வளையம் நின்றது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. அது உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும், சீக்கிரம் எடுக்காவிட்டால் ஓட்டை போட்டுவிடும், குழாய் விட்டு எடுக்கிற டாக்டர் ஊரின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருக்கிறார் என்றார். மிதுனா எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகவிட்டாள். உதயகுமார் கோபிநத்தத்துக்கு அடித்துக்கொண்டே இருந்தான். காட்டோரத்து ஊர், சிக்னல் வரும், போகும். கடைசியில் அக்காவின் புருஷன் லிங்கப்பன் எடுத்தார். பின்னால் பறைச் சத்தம்.

“மாமா, அக்காளக் கட்ட அவுக்கச் சொல்லுங்க.”

விஷயத்தைக் கேட்டுவிட்டு லிங்கப்பன் குண்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“வரிசையில நிக்கறா மாப்ளே. இன்னும் நாலு பேரு எறங்குனா அவதான்.”

“அதுக்குள்ள தொண்ட ஓட்டையாயிரும் மாமா.”

லிங்கப்பனும் தங்களுக்கென்று ஒரு குழந்தைக்காகத்தான் வருஷக்கணக்கில் காத்திருந்தார். அவிழ்க்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நடந்து போய், போனை மனைவியின் காதில் வைத்தார். இந்தப் பக்கம் அக்காவிடமே கட்டை அவிழ் என்று சொல்ல உதயகுமாருக்கும் முடியவில்லை, போனைப் பிடுங்கிய ஸ்ரீதேவிக்கும் முடியவில்லை. அவள் அதைக் குழந்தையின் வாயோரம் கொண்டுபோனாள். எச்சிலில் களகளவென்று இழுக்கிற மூச்சு மட்டும் கோபிநத்தத்துக்குப் போனது.

பழனாத்தாள் கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சைத் தானே அவிழ்த்தாள். பறை நின்றது. பூசாரி கத்தினார். உள்ளங்கையில் விளிம்பு கருகிய பேட்டரி விழுந்தது, நாக்கின் தோலும் கொஞ்சம் அதோடு வந்தது. அவள் வரிசையை விட்டு விலகி, பின்னால் நின்றவளுக்கு வழிவிட்டாள்.

குழாய் டாக்டர் வந்ததும் எடுத்த இரண்டாவது எக்ஸ்ரேயில் வளையம் இல்லை. படம் எடுத்தவன் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லி ஹோய்த்து என்று கன்னடத்தில் கேட்டான். கோபிநத்தத்துக்குப் போய்விட்டது என்றான் உதயகுமார். அது எந்தப் பக்கம் என்றான் அவன். மாதேஸ்வரன் மலை தாண்டி, காவிரி ஓரம். சரி என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

பழனாத்தாளுக்குக் குழந்தை பிறக்கவில்லை. வெந்த நாக்கு ஆறியது, ருசி மட்டும் திரும்பவில்லை. எதைத் தின்றாலும் மண்தான். மிதுனாவுக்குப் பல் முளைத்து, கண்டதை விழுங்கும் பழக்கம் போய், அவள் சோறு தின்ன ஆரம்பித்தாள். சோறு மைசூரிலேயே நின்றது, ருசி மட்டும் கோபிநத்தம் போனது. மத்தியானம் யாராவது பேச வந்தால் லிங்கப்பன் கைகாட்டி நிறுத்துகிறார். செத்த இருங்க, புள்ள உண்டுட்டிருக்கறா, என்கிறார். வந்தவர்களும் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். பழனாத்தாள் கண்ணை மூடி, வெறும் வாயை மெள்ள அசைத்துவிட்டுப் போனை எடுக்கிறாள்.

“பருப்புல உப்புப் பத்தல புள்ள.”

ஸ்ரீதேவி ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்து, அடுத்த வாயை ஊட்டுகிறாள்.